ரொனியின் பக்கத்து இடம்

“மேலயா மாமா, கீழயா?”

மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலேயே ஜீவன் கேட்டான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் கடப்பாரையும் கயிறுமாக நின்றார்கள். அந்தப் பக்கம் யார் செத்தாலும் குழி வெட்டுவது ஜீவன் கூட்டம்தான். சாவுக்கு ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டும் சணல் கயிற்றில் சுவக்கின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழாதவர்போல இன்னும் கொஞ்ச நேரம் சிக்கெடுத்தார். வத்தேகம பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து தலை நரைத்தவர். எந்த பஸ் எப்போது கிளம்புவது என்று ஒரு விசிலில் முடிவு சொன்ன மனுஷன். இப்போது பெண்டாட்டியை எந்தப் பக்கம் அனுப்புவது என்று கேட்டால் வாய் வரவில்லை.

“டீயக் குடிங்க. சொல்றேன்.”

உள்ளே ஹாலில், பெட்டியில் அவர் பெண்டாட்டி யோசப்பின் கிடந்தாள். முந்தாநாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரோடு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. உடம்பைப் பெட்டியில் வைத்துக் கொடுத்த மலர்ச்சாலைக்காரர்கள் முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை பவுடர் டப்பாவைத் தொடாதவள் என்பதால், கொஞ்சம் கோபமாக இருப்பதுபோலத் தெரிந்தது.

மேலே என்றால் மலைச்சரிவில் இருக்கிற பழைய மயானம். அதற்குச் சற்றுக் கீழேதான் ஊற்று. ஊற்றிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து குழாய், குழாயிலிருந்து ஊர். கீழே என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்க் கமிட்டி அலைந்து திரிந்து வாங்கிக்கொடுத்த புது நிலம். அங்கே இதுவரை ஒரே ஒரு குழிதான்.

மேலே ரொனி இருந்தான்.

ரொனி, ஆறு வயதில் போன அவர்கள் பிள்ளை. ஊற்றுக்கு மேலே யாரோ மாட்டுக் கொட்டிலும் மலசலகூடக் குழியும் போட்டிருந்த வருஷம் அது. ஊர் முழுக்க மஞ்சள் காமாலை. மற்றவர்கள் கீழாநெல்லியும் ஆஸ்பத்திரி மருந்துமாகத் தப்பிவிட்டார்கள். ரொனி தப்பவில்லை. அவனைக் கொன்ற தண்ணீருக்கு மேலேயே அவனைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவள் யோசப்பின் மட்டும்தான். மழை பெய்தால் குழாயில் காற்று அடைக்கும். தண்ணீர் வருவதற்கு முன் இரண்டு தரம் இருமும். “எந்திரிச்சிட்டான்” என்பாள். அதைக் கேட்டு சுவக்கின் முதலில் அழுதார். அப்புறம் திட்டினார். அப்புறம் பழகிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைப்பாள். தனக்கு மட்டும் குழாயடியில் குனிந்து கையேந்திப் பச்சையாகவே குடிப்பாள்.

நேற்று முழுக்க மழை. பெட்டியை ஹாலில் இறக்கிவைத்து ஆட்கள் விலகிய நேரத்தில் பின்பக்கத்துக் குழாய் இருமியது. சின்னப் பிள்ளை தொண்டையைச் செருமுவதுபோல இரண்டு தரம். “எந்திரிச்சிட்டான்” என்று சொல்ல ஆளில்லை. சுவக்கினுக்கு அதிலிருந்து அந்தக் குழாய்ப் பக்கம் போகவே பயமாக இருந்தது.

தண்ணீர்க் கமிட்டி தொடங்கி இரண்டு வருஷமாகிறது. கமிட்டி என்றால் நம் ஆட்களுக்கு முதலில் பிஸ்கட்டும் பிளேன்டீயும், அப்புறம் போட்டோ, அதற்கப்புறம்தான் விஷயம். இது நிலைத்து நின்றதற்குக் காரணம் பளீல். சொந்த ஊர் அக்குறணை, இங்கே டவுனில் ஹார்ட்வெயார் கடை. ஓடை ஓரத்தில் வாகனம் கழுவுகிற இடமும் வைத்திருந்தார். தண்ணீரைச் சோதித்து, அதில் கிருமி இருக்கிறது என்று சொன்ன வாரமே அதை இழுத்து மூடினார். முதலில் தன் பிழைப்பில் கைவைத்த மனுஷன் சொல்லும்போது மற்றவர்கள் எதைச் சொல்லி மறுப்பது? பன்றிக்கூடுகள் இடம் மாறின. ஊற்றைச் சுற்றி வேலி வந்தது, மூங்கில் நட்டார்கள். கமிட்டிக்குச் செயலாளர் சுவக்கினின் மகள் ஷெரோன். பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு வீடாக ஏறி இறங்கி, வாய் வலிக்கப் பேசியது அவள்தான். கடைசியாக மயானத்து விஷயத்துக்கு வந்தார்கள். ஊற்றுக்கு மேலே இனி யாரையும் புதைப்பதில்லை என்ற பேச்சு வந்தபோது, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினார்கள்.

யோசப்பின் கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றாள்.

“எல்லாம் செய்ங்க, நல்லதுதான். எனக்கு மட்டும் எம்புள்ள பக்கத்துல ஒரு எடம் விட்டுருங்க.”

பளீல்தான் சொன்னார்: “அது ஒங்கட எடம். ஒத்தரும் தொட மாட்டாங்க.”

அந்த வாக்கு அப்போது யாருக்கும் பாரமாக இல்லை. உடனே யார் சாகப்போகிறார்கள்?

ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டுக் கஜலட்சுமியின் புருஷன் செத்தார். அவருடைய அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் மேலேதான். தன்னையும் அங்கேதான் வைக்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர். ஷெரோன் போய்க் கஜலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடியப் பேசினாள். கடைசியில் அவரைக் கீழே, வெறும் நிலத்தில், துணைக்கு ஒரு குழிகூட இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கஜலட்சுமிதான் இப்போது ஹாலில், வருகிறவர்களின் கால் சேற்றைத் துடைத்தபடி இருக்கிறாள். நேற்றிலிருந்து இந்த வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில். ஷெரோனால் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

ஷெரோன் வாசலுக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அப்பா, ஜீவன் ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“நீயே சொல்லு. நீதானே செயலாளர்.”

“மகளா சொன்னா மேல. செயலாளரா சொன்னா கீழ. என்னயக் கேக்காதீங்கப்பா.”

அந்த நேரத்தில்தான் பளீல் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போய்ப் பெட்டியின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, சுவக்கினுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

“என்னத்துக்கு யோசிக்கிற? ஜீவனுக்கு மேல வெட்டச் செல்லுங்க. நாங்க குடுத்த வாக்குத்தானே. ஒத்தரும் ஒன்டும் செல்ல மாட்டாங்க.”

“அதுதான் பளீல் நானா, பயமா இருக்கு. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

சொல்லமாட்டார்கள். வந்து அழுவார்கள், பெட்டியைத் தூக்குவார்கள், மண் போடுவார்கள். அடுத்த சாவு விழுந்ததும் அவரவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். செயலாளரின் அம்மாவுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று ஒருவன் கேட்டால் போதும். வேலியும் மூங்கிலும் அப்புறம் வெறும் அலங்காரம்தான். இன்னொரு வருஷம், இன்னொரு வீட்டில், இன்னொரு ஆறு வயதுப் பிள்ளையின் கண் மஞ்சளாகும். சுவக்கினுக்கு அந்தக் கண் தெரியும். ஆனால் கையேந்திக் குனிந்த யோசப்பினின் முதுகும் தெரியும். உயிரோடு இருந்தவரை ஒன்றுமே கேட்காத பொம்பிளை கேட்டது அந்த ஒரு இடத்தைத்தான்.

“கஜலட்சுமி” என்று கூப்பிட்டார்.

அவள் துணியும் கையுமாக வாசல்நிலைக்கு வந்து நின்றாள்.

“நீ சொல்லும்மா. மேலயா, கீழயா?”

“என்னயக் கேக்குறீங்களேண்ணே. அக்காவுக்குக் குடுத்த வாக்கு. நான் குறை சொல்ல மாட்டேன்.” துணியைப் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை, திரும்பவும் பிழிந்தாள். “அவரு அங்க ஒத்தையா இருக்காருன்னுதான் ஒரு இது. வேற ஒன்னும் இல்ல.”

உள்ளே போய்விட்டாள். சுவக்கின் சணல் கயிற்றைக் கீழே வைத்தார்.

“ஜீவன், ஒங்க ஆளுங்க ரெண்டு பேரையும் கீழ வெட்டச் சொல்லு.”

ஷெரோன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா. அம்மாவுக்கு என்ன சொல்லப்போறீங்க?”

“அவள மேல கொண்டுபோகல. அவனக் கீழ கொண்டு வாறேன். ஒரே குழியில வைப்போம்.”

அங்கே அது புதிதில்லை. பழைய குழியில் புதுப் பெட்டியை இறக்குவதும், கிடைக்கிற எலும்பைத் துணியில் கட்டி கால்மாட்டில் வைப்பதும் எல்லாக் குடும்பத்திலும் நடந்திருக்கிறது. மேலேயிருந்து கீழே கொண்டுவருவதுதான் புதிது.

“அதுக்கு அனுமதி எடுக்கணும்பா. சும்மா தோண்ட ஏலாது. பங்குச் சுவாமிகிட்டயாவது…”

“சுவாமி பின்னேரந்தான் வருவாரு.”

பளீல் எழுந்து குடையை எடுத்தார். “சின்னப் புள்ளட மண்ணுக்கு ஆரு, மகள், பேப்பர் கேக்குற? நானும் வாறன்.”

ஷெரோன் அலுமாரியைத் திறந்து யோசப்பின் துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் தலையணை உறையொன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் கையில் கொடுத்தாள்.

மேலே தூறிக்கொண்டிருந்தது. ரொனியின் சிலுவை பாசி பிடித்துச் சாய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் புல் செதுக்கிய இடம். யோசப்பின்தான் செதுக்கியிருக்கிறாள். எப்போது வந்து போனாள் என்று கூடவே வாழ்ந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. சுவக்கின் அந்த இடத்தை மிதிக்காமல் நின்றார்.

ஜீவன் வெட்டினான். மேல்மண் சிவப்பாக வந்தது, பிறகு கறுப்பாக. இடுப்பளவுக்குப் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ளினான். அவன் அள்ள அள்ள அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்தது. கலங்கல் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் தரையில் பரவி, ஊற்று இருக்கிற பக்கமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜீவன் முழங்காலில் நின்று, தண்ணீருக்குள் கையை விட்டு, மூலை மூலையாகத் தடவினான்.

“இந்த எடந்தானே மாமா?”

“இதேதான். நான்தான் எறக்குனேன்.”

மறுபடியும் தடவினான். எலும்பு இல்லை. பலகை இல்லை. கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளில் காலில் போடவென்று எடுத்து வைத்து, கடைசியில் பெட்டியில் போட்டு அனுப்பிய சப்பாத்தின் ஒரு துண்டுகூட இல்லை.

“ஒன்னும் இல்ல மாமா” என்றான் ஜீவன். அவன் குரல் தாழ்ந்திருந்தது. “தண்ணிதான் இருக்கு.”

பளீல் ஊற்றின் பக்கம் திரும்பினார். அங்கிருந்து தொட்டி தெரிந்தது, தொட்டிக்குக் கீழே ஊரின் தகரக் கூரைகள் தெரிந்தன. ஒவ்வொரு கூரையிலிருந்தும் சமையல் புகை. அவர் ஏதோ ஓதினார். சத்தம் வெளியே வரவில்லை.

சுவக்கினுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் பைத்தியக்காரி என்று அவளை மனசுக்குள் எத்தனை தரம் சொல்லியிருப்பார். அவன் இங்கே இல்லை. எப்போதோ இறங்கிப் போய்விட்டான். வீடு வீடாக, பானை பானையாக. அவள் கையேந்திக் குனிந்ததெல்லாம் வீண் போகவில்லை. அவர் அழுதார். வெட்கப்படாமல், சத்தம் போட்டு அழுதார். தன் பிள்ளையை ஊரோடு சேர்ந்து தானும் அல்லவா குடித்திருக்கிறார்.

அழுது ஓய்ந்ததும் தலையணை உறையை விரித்துப் பிடித்தார். ஜீவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அடியில் இருந்த கறுப்புச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். முடிச்சுப் போட்டதும் கனத்தது. ஒரு குழந்தையின் கனம் அல்ல, மண்ணின் கனம்தான்.

இறங்குகிற வழியில் பளீல் மூட்டைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் தலை நனைந்தது.

“கேட்டாங்கன்டா நான் செல்றன், கெடச்சிச்சின்டு” என்றார்.

நிறுவையில் ஒரு ஆணியைக்கூடக் குறைத்துப் போடாத மனுஷன் அவர்.

“வேணாம் நானா. அத நான்தான் சொல்லணும்.”

வீட்டு வாசலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து விலகினார்கள். கஜலட்சுமி முன்னால் வந்தாள். அவளால்தான் கேட்க முடிந்தது.

“கெடச்சானாண்ணே?”

“கெடச்சான்.”

ஷெரோன் இரண்டு கைகளையும் நீட்டி மூட்டையை வாங்கினாள். வாங்கியதும் கை ஒரு கணம் தாழ்ந்தது. துணி வழியாக விரல்கள் எதையோ தேடின, அப்படியே நின்றன. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ரோட்டில் நனைந்து தொங்கிய கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெரோன் பெட்டியருகே போய், அம்மாவின் இடது கையைக் கொஞ்சம் தூக்கி, பிள்ளையைப் படுக்கவைக்கிறதுபோல மூட்டையை அந்தக் கைக்குள் வைத்தாள். வெள்ளைச் சேலையில் ஈரம் பரவியது.

கஜலட்சுமி துடைக்கிற துணியோடு குனிந்தாள். வாசலிலிருந்து பெட்டிவரைக்கும் தரையில் தண்ணீர் சொட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை மடித்துச் சுவரோரமாக வைத்துவிட்டு, அந்த ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்துபோய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே ஓரமாகப் போனார்கள்.