கருங்கோட்டை அரக்கிக்கு மூன்று தலை

ஷமீராவுக்குக் கதை எழுத வரும் என்று யாரும் சொன்னதில்லை. கதை விளையாட்டில் புத்தகத்தை நன்றாக வாசிக்கிறாள் என்று எதிர்வீட்டு ஜெனிபா டீச்சர் ஒரு நாள் சொன்னாள், அவ்வளவுதான். சோறு பரிமாறினவளைப் பார்த்து நன்றாகப் பரிமாறுகிறாய் என்றதும், அவள் போய்க் கரண்டியைப் பிடித்து அடுப்பைப் பற்றவைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆயிற்று.

என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். ஒருத்தி கதை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். நடத்துகிறவள், உங்கள் முன்னால் இரண்டு வாசல் இருக்கிறது என்பாள். எதில் நுழைவது என்பது இவர்கள் பாடு. வெட்டு விழுமா விழாதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். ஷார்ஜாவில் பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ்காரி ஊருக்குப் போகும்போது அந்தப் பகடையையும் ஒரு கதைப் புத்தகத்தையும் ஷமீராவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கம்பெனி குடும்ப விசாவை நிறுத்தியதும் ஷமீரா சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள். புருஷன் அங்கேயே நின்றுகொண்டான். பகடை கூட வந்தது.

வந்து இறங்கியது புருஷனின் அக்கா ஹஸ்னா பானுவின் வீட்டு மாடியில். மைனி கீழே, இவள் மேலே. சாப்பிட்டியா என்று மைனி கேட்பாள். சாப்பிட்டேன் மைனி என்பாள் இவள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். குழம்பு மாறும், பேச்சு மாறாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த ஜெனிபா பகடையைப் பார்த்துவிட்டு இது என்னது என்று கேட்கப்போய், மைனியையும் இழுத்து உட்காரவைத்து ஆட்டம் தொடங்கியது. மைனி தளபதி, ஜெனிபா திருடி. அன்றைக்குப் பனிமலைக் குகையில் ஒரு பூதத்தை வெட்டிப்போட்டுவிட்டு மைனி சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு அந்த வீட்டில் இருப்பதே ஷமீராவுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவளுக்கு வாரத்தில் ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் கிழமை.

அச்சடித்த கதையில் ஒரு சௌகரியம் உண்டு. இடது பக்கம் போனால் இதை வாசி, வலது பக்கம் போனால் அதை வாசி என்று எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். அங்கன டீ கிடைக்குமா என்று மைனி கேட்டபோதுகூட ஒரு சத்திரம் இருந்தது. ஆனால் டிராகன் செத்ததோடு புத்தகம் தீர்ந்துபோனது. போனில் இன்னொன்றை இறக்கிவிடலாம் என்றாள் ஜெனிபா. எதுக்கு, நானே எழுதுதேன் என்று சொல்லிவிட்டாள் ஷமீரா.

எழுத உட்கார்ந்தால் மலை வரவில்லை, ராஜா வரவில்லை. துணி மடிக்கும்போது ஓர் அரக்கி வந்தாள். வந்தவள் மளமளவென்று வந்தாள். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு கருங்கோட்டை. உள்ளே மூன்று தலையும் பச்சை உடம்பும் வாலுமாக அவள். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் உறுமுவாள். காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக்கூட வெளியே போட விடமாட்டாள். பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். நமக்குள் இவ்வளவு கற்பனையா என்று ஷமீராவுக்குத் தன் மேலேயே மரியாதை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள். கோட்டை வாசல் வந்தது. மூன்றில் நடுத்தலை முழங்கியது என்று சொல்லி, ஷமீரா தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினாள்.

"நான் சொன்னா யாரு கேக்கா?"

ஜெனிபா வாயிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் சுவரைப் பார்த்தாள். அப்போதுதான் ஷமீராவுக்கு உறைத்தது. காலையில் கீழே அடுக்களையிலிருந்து கேட்ட வாக்கியம் அது. நேற்றும் கேட்டதுதான். பச்சை பூசி ஒரு வாலையும் ஒட்டிவிட்டால் மைனிக்கு மைனியை அடையாளம் தெரியாது என்று நம்பினவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மைனி பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனால் நாளையிலிருந்து பழையபடி சாப்பிட்டியா, சாப்பிட்டேன்தான். அதுவும் மிஞ்சுமோ என்னவோ.

ஷமீரா அவசர அவசரமாக அரக்கியைத் திருத்தத் தொடங்கினாள். நிஜத்தில் அவள் ரொம்ப நல்லவள் என்றாள். நெய்ச்சோறு ஆக்கினால் ஏழு ஊருக்கு மணக்கும் என்றாள். வால்கூடச் சின்ன வால்தான், சேலை கட்டினால் தெரியாது என்றாள்.

"வயசென்ன அவளுக்கு?" என்றாள் மைனி.

"முந்நூறு," என்றாள் ஷமீரா. பிறகு மைனியின் முகத்தைப் பார்த்து, மைனியின் வயசிலேயே நாலைந்தைக் குறைத்து, "முப்பத்தெட்டு," என்றாள்.

"அப்ப இவ்வளவு நல்லவள நாங்க எதுக்குக்கா வெட்டணும்?" என்று கேட்டாள் ஜெனிபா.

ஷமீரா போனில் எழுதிவைத்திருந்ததைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அடுத்ததாக அரக்கி ஐஸ்கிரீம் டப்பாவால் தாக்க வருகிறாள் என்றுதான் எழுதியிருந்தது.

"அச்சடிச்ச கதையவே இறக்கிருவோம் மைனி. அதுல நமக்குத் தெரிஞ்சவ யாரும் இருக்கமாட்டா."

மைனி அதைக் காதில் வாங்கவில்லை. "ஏட்டி, எனக்கு ஒரு சந்தேகம். பக்கத்துலயே ரெண்டு தலைய வச்சிக்கிட்டு யாரு கேக்கான்னு கத்துதாளே, அப்ப அந்த ரெண்டும் என்னதான் செய்யுது?"

பயங்கரமாக இருக்கட்டுமே என்று ஷமீரா தலையைக் கூட்டி வைத்தாளே ஒழிய, அதற்கெல்லாம் காது இருக்கும் என்று நினைக்கவில்லை.

"கேக்கலாம் மைனி," என்றாள் மெதுவாக.

"அப்ப கேக்கட்டும். என் தளபதிய வீட்டுக்கு அனுப்பிரு. நடுத்தலை நான். இந்தப் பக்கத்துத் தலை நீ. நீ வாயத் தொறக்கப்படாது."

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்கும் வரை நடுத்தலை பேசியது. எந்த டப்பாவில் யார் வீட்டுக்குக் குழம்பு போகிறது, எது இன்னும் திரும்பி வரவில்லை என்று சொன்னது. புருஷன் குவைத்தில் கிடந்த வருஷங்களில் தனியாக இருந்து பழகியதுதான் அந்தப் பூட்டுச் சந்தேகம் என்றும் சொன்னது. நடுவில் ஜெனிபாவின் திருடி கோட்டைக்குள் பதுங்கிப் பதுங்கி வந்தாள். செருப்பை ஒழுங்காகக் கழற்றிப் போடத் தெரியாதா என்று ஓர் அதட்டல் விழுந்தது. பகடையும் கைவிட்டது. கரிவலம் பஸ்ஸில் ஏறித்தான் தப்பினாள்.

கதை நடத்துகிறவளுக்கு அன்று தலையாட்டுவது மட்டுமே வேலை. வாசிப்பதைவிட இது உங்களுக்கு நல்லா வருதுக்கா என்றாள் ஜெனிபா. அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள் ஷமீரா.

படியில் இரண்டு அடி இறங்கிய மைனி திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த வாரமும் நீயே எழுது. வால மட்டும் எடுத்திரு."

"சரி மைனி."

"வயசு முப்பத்தெட்டாவே இருக்கட்டும்."