இறக்கை திரும்பிய தெருமுனை

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு காற்றாலையின் இறக்கைக்காக ஒருத்தி தான் வாழ்ந்த அறையைக் கொடுத்த கதையைச் சொல்கிறேன். இறக்கை என்றால் குருவி இறக்கை இல்லை. லாரியின் மூக்கு தெருவுக்குள் நுழைந்து வெகு நேரம் கழித்துத்தான் அதன் நுனி வந்து சேரும், அவ்வளவு நீளம். அதை மடக்கவும் முடியாது, ஒடிக்கவும் முடியாது.

அந்தத் தெருமுனை வீட்டில் ஒரு தையற்காரி இருந்தாள். அவள் கணவர் கொத்தனார், போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கட்டிய முன்னறையில்தான் அவளுடைய மிஷினும் பிழைப்பும்.

அந்த அறை ஒரே மூச்சில் கட்டியதல்ல. அந்தத் தெருவில் ஒரு வழக்கம்: வெள்ளையடிக்கும்போதெல்லாம் சுவரை ஒரு சாண் வெளியே தள்ளிவிடுவார்கள். எதிர்வீட்டில் படி நீண்டால் இந்த வீட்டில் அலமாரி நீளும். யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் தன் சுவரையும் கேட்பார்களே! அவள் புதுப்பெண்ணாக வந்தபோது இரண்டு மாட்டுவண்டிகள் உரசாமல் போன முனை அது. மகள் பிறந்தாள், தொட்டில் கட்ட ஒரு தள்ளு. மிஷின் வந்தது, வெளிச்சத்துக்காக ஜன்னலோடு ஒரு தள்ளு. மகள் கல்யாணமாகிப் போன பிறகும் சுவர் நிற்கவில்லை. கொத்தனாருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் கட்டில் போட ஒரு தள்ளு. கலவை குழைக்கத் தெம்பில்லாமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே அந்தக் கடைசிச் சுவரைப் பூசினார் மனுஷன்.

அவர் நெஞ்சைக் கெடுத்தது சிமெண்டா, ஊரோரத்து நிலக்கரி மின்நிலையத்தின் புகையா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. கொத்தனார் மட்டும் புகைபோக்கியைத்தான் பழிப்பார். "புகையில்லாம கரண்ட் வரட்டும், அன்னைக்கு எழுந்து ஓடுறேன் பாரு."

"முதல்ல எழுந்து பல்லை விளக்குங்க. அப்புறம் ஓடலாம்" என்பாள் இவள்.

அவர் போன பிறகுதான் அந்த நாள் வந்தது. பக்கத்து மலையில் காற்றாலைகள் நடப்போகிறார்களாம். பாதை அளக்க வந்த இன்ஜினியர் முன்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்மா, இந்த அறை இருந்தா இறக்கை திரும்பாது."

"கொஞ்சம் சின்னதா செய்யக் கூடாதாப்பா?"

"அதைக் காத்துகிட்டதான் கேக்கணும்மா."

"நான் மாட்டேன்னா?"

"கட்டாயம் இல்ல. ஏரிப் பக்கமா போயிடுவோம். அங்க ஓரத்துல மண்ணைக் கொட்டி ரோடு போடணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! அந்த ஓரத்தில்தான் அவளுடைய நாத்தனார் வாத்து மேய்க்கிறாள். நடுஏரி வாத்துக்கு உதவாது. கணுக்கால் ஆழத் தண்ணீரும் சேறும் வேண்டும். எங்கிருந்தோ பறந்து வரும் கொக்குகளும் அங்கேதான் இறங்கும்.

தெருவே திரண்டு வந்து, "விட்டுக்கொடுக்காதே" என்றது. அவள்மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். இவள் சுவரை அளந்த கை நாளைக்குத் தங்கள் சுவரையும் அளக்கும் என்ற பயம்.

மறுநாள் காலையில் நாத்தனார் வந்தாள். வாத்துகளுக்காகப் பேச வந்திருக்கிறாள் என்றுதான் தையற்காரி நினைத்தாள். வந்தவளோ வாசலிலேயே பொரிந்தாள்.

"அண்ணி, இந்தச் சுவரைத் தொட விட்டீங்க, இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

"வாசப்படியே இருக்காதுடி. எதை மிதிப்ப?"

"எங்க அண்ணன் உயிரைக் கையில பிடிச்சுகிட்டுப் பூசினது இது."

"உன் வாத்துங்க?"

"வாத்துக்கென்ன, எங்கயாச்சும் மேயும்."

"எங்க? உன் தலையிலயா?"

"மேஞ்சா மேயட்டுமே! உங்க தலையில மேய முடியாது, அங்க ஒண்ணுமே இல்ல."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

நாத்தனார் போன பிறகு தையற்காரி மிஷின் முன்னால் உட்கார்ந்தாள், கால் மிதிக்கவில்லை. ஒரு பழைய காலம் கண்ணுக்குள் வந்து நின்றது. புகை கவிந்த நாட்களில் நாத்தனார் வாத்துத் தீவன வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து, அண்ணனை அதில் உட்காரவைத்து ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போவாள். "பாரம் தாங்கல, இறங்கி நடங்க" என்று வழியெல்லாம் கேலி. அங்கே அவர் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, வாத்துகள் விரலைக் கொத்தக் கொத்தக் குழந்தைபோல் சிரிப்பார். இருமல் அங்கே அடங்கிக் கிடக்கும். திரும்பும்போது வண்டியிலேயே தூங்கிப்போவார். அந்த அறையில் அவர் படுத்திருந்தார். நிம்மதியாக மூச்சு விட்டது என்னவோ ஏரிக்கரையில்தான்.

சுவர் போனால் இன்னொரு சுவர் எழுப்பலாம். ஏரிச்சேற்றை எந்தக் கொத்தனார் கட்டித் தருவார்?

"இடிச்சுக்கோங்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இடித்த அன்று நாத்தனார், தான் சொன்னதை மறந்து வந்து நின்றாள். கடப்பாரை பட்டதும் பழைய பக்கச்சுவர் தோல் தோலாக உரிந்தது. வெள்ளைக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் நீலம். "இந்த நீலம் என் பொண்ணு தவழ்ந்தப்போ அடிச்சது" என்றாள் தையற்காரி. நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு இறக்கை வந்தது. முன்னால் லாரி ஊர்ந்தது; பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப, கையில் ஒரு பொத்தான் பெட்டியோடு ஒருவன் கூடவே நடந்தான். தெரு மூச்சுவிட மறந்தது. அந்தப் பெரிய வெள்ளை உடம்பு, தொட்டில் ஆடிய இடத்தையும் கட்டில் கிடந்த இடத்தையும் மெல்லத் தடவியபடி திரும்பியது.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் தையற்காரி, மனசில்லாமல்.

"என் கிழட்டு வாத்து இறக்கையை விரிச்சா இதைவிட அழகு" என்றாள் நாத்தனார்.

இப்போது மலையில் காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்தக் கரண்ட் தடித்த கம்பிகளில் தலைக்கு மேலே தூரத்து நகரத்துக்குப் போகிறது. தெருவில் இன்னமும் கரண்ட் போய் விளக்கு அணைகிறது. புகைபோக்கி நின்றுவிடவில்லை. ஆனால் காயப்போட்ட துணியில் கரி குறைந்திருக்கிறது. எதிர்வீட்டுக் குழந்தை இருமாமல் தூங்குகிறதாம். கொக்குகள் மலையைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. சில காலைகளில் ஒன்றிரண்டு அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்ததாக நாத்தனார் சொல்வாள். லாபமா நஷ்டமா என்று கேட்டால் தையற்காரிக்குச் சொல்லத் தெரியாது.

உள்ளறையில் ஊசி கோக்க வெளிச்சம் போதவில்லை. தடவித் தடவிக் கோப்பதை ஒருநாள் நாத்தனார் பார்த்துவிட்டாள். வீட்டுக்குப் போனவள் தீவன வண்டியைக் கழுவித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மிஷினை ஏத்துங்க அண்ணி. என் வீட்டு ஜன்னல் ஏரியைப் பாத்து இருக்கு."

"உன் வாத்து நாத்தத்துல உட்கார்ந்து நான் தைக்கணுமா?"

"எங்க அண்ணனுக்கு நாறலியே!"

தையற்காரி மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டு விளக்கு யார் கண்ணையும் கரிக்காமல் எரியட்டும். உங்கள் பிள்ளைகள் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு வளரட்டும். சுவர் குறுகிப் போகிற காலத்திலும், "வா, இங்கே உட்கார்" என்று சொல்ல ஒருத்தி உங்கள் குடும்பத்தில் எப்போதும் இருக்கட்டும்.