சோப்பு போட்ட இடம்

உப்புத்தாளை மடித்து அவள் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். வண்டியிலிருந்து கழற்றிய பெட்ரோல் டேங்க், வீட்டுக்குப் பின்னால் விரித்த சாக்கின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஓட்டையை அடைக்க நேற்று அப்பிய பேஸ்ட், காலையில் விரல் பட்டதுமே புண்ணின் பொருக்கு மாதிரி கழன்று வந்துவிட்டது.

"சோப்பு போட்ட இடமா அது?"

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து புருஷன் கேட்டான். காற்று வேண்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தாள்.

"ஆமா. ஒழுகுறப்ப எல்லாம் சோப்பைத் தேய்ச்சுத்தானே ஓட்டினேன்."

"தினம் குளிப்பாட்டிட்டு ஒட்டலைங்கிற." சிரிக்கப் போய் இருமினான்.

"சிரிக்காதீங்க. என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

"சுடுதண்ணி ஊத்தி சோப்பெல்லாம் போகக் கழுவு. காஞ்சதும் தகரம் பளபளன்னு தெரியறவரைக்கும் தேய். பாவம் பாக்காத."

பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி போடுகிற வேலை அவனுடையது. நெஞ்சு கெட்டு அவன் படுத்த பிறகு, விழுந்து எழுந்து வண்டி பழகி, அதை அவள் எடுத்துக்கொண்டாள். போன வாரம் அவனுடைய அண்ணன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "பெட்ரோல் சொட்டுதும்மா. தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது? இவனுக்கு அப்புறம் இதைத் தள்ளிவிட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. அடுப்படியில என் வீட்டுக்காரிக்கும் ஒத்தாசையா இருக்கும்." கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த அடுப்படிக்குள் போனால் திரும்பி வருகிற வழி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் தெருமுனை தாண்டியதும் புருஷன், "போய் அந்தப் பேஸ்ட்டை வாங்கிட்டு வா" என்றான்.

கழுவிக் காயவைத்துத் தேய்க்கத் தேய்க்கத் தகரம் வெளுத்தது. பேஸ்ட்டின் கறுப்பும் வெள்ளையுமான இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்தாள்.

"கலர் ஒண்ணாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"விரலை நனைச்சு அழுத்து. ஓரத்தை இழுத்துவிடு."

"சரி, சரி. சமையல் மட்டும் சொல்லிக் குடுக்க ஆளில்ல, இதுக்கு இருக்கு."

"நாளைக்குக் காலைவரைக்கும் யாரையும் தொடவிடாத."

அழுத்தி முடித்து, "ஆச்சு" என்று ஜன்னல் பக்கம் சொன்னாள். பதில் வரவில்லை. தூங்குகிறான் என்று நினைத்து, டேங்க்கை மெல்லத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வெந்நீரோடு உள்ளே போனபோது அவன் முகம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. மூச்சு இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நகக்கண்ணில் ஒட்டியிருந்த பேஸ்ட் இறுகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

ஜனம் வந்தது. சிகரெட்டோடு பின்பக்கம் ஒதுங்கியவர்களை அவளே எழுந்து போய் விரட்டினாள். டேங்க்கின் மேல் குடையைச் சாய்க்கப் போன ஒருத்தரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"புருஷன் உள்ள கெடக்கான், இவ இதுக்குக் காவல் நிக்கிறா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, காதில் விழட்டும் என்றே.

"அவருக்குத்தான் இத்தனை பேர் இருக்கீங்களே" என்றாள் இவள்.

பேக்கரிக்காரரும் வந்திருந்தார். கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "நாளன்னைக்கு வண்டி வந்தாப் போதும். இல்லேன்னா வேற ஆளைப் பாக்கணும், தப்பா எடுத்துக்காத" என்றார்.

"வந்துடும்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. இரவு அங்கேயே தங்கிய அண்ணன், விடிந்ததும் துணிமணியை எடுத்து வைக்கச் சொல்ல அவளைத் தேடிப் பின்பக்கம் வந்தார். அவள் டேங்க்கை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் செய்தித்தாளை விரித்து, கேனிலிருந்து பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நேத்துத்தானேம்மா..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

"இருந்து பாருங்க மாமா."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. அவர் குந்தி உட்கார்ந்து ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவி, முகர்ந்தார்.

"வாசனை வருதே."

"அது கேன்ல வர்றது. தாளைப் பாருங்க."

தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். பழைய செய்திகளைத் தவிர அதில் ஒன்றுமில்லை. வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு மடித்து வைத்துவிட்டு, டேங்க்கின் முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார். இருவருமாக வண்டியில் அதை உட்கார வைத்தார்கள்.

"போல்ட்டு எங்கம்மா?"

கழற்றியபோது தொலைந்துவிடக் கூடாதென்று புருஷன் கையில் கொடுத்தது அது. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுத் திட்டைத் துழாவினாள். மருந்து மூடிக்குள் கிடைத்தது. கொடுக்கும்போது துருவேறிக் கிடந்த போல்ட்டை அவன் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி வைத்திருந்தான்.

துளையில் வைத்துத் திருகினாள். ஸ்பானரை எடுக்க வேண்டியிருக்கவில்லை. விரலுக்கே சுற்றிச் சுற்றி, கடைசிவரை இறங்கியது.