சென்னம்மாளின் வயது

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கரும்பலகையில், என் கையெழுத்தில். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டே ஒரு வருடம் ஓடிவிட்டது.

முதல் வரியை நான்கு முறை எழுதினேன். 'ராயக்கோட்டை மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு' என்று தொடங்கியதைப் பாதியில் விட்டுவிட்டேன். வெயிலுக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை.

2

1968. ராயக்கோட்டையிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளி. நான் அங்கே கணக்கு வாத்தியார், ஜெபராஜ். ஒன்பதாம் வகுப்பில் சமன்பாடு நடத்தும்போது, புத்தகத்துக் கணக்குகள் சலித்துப்போய், "உங்க வீட்டு ஆளுங்க வயச வெச்சு ஆளுக்கொரு கணக்கு எழுதிட்டு வாங்க" என்றேன். (என் யோசனையில் எனக்கே பெருமை. இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

வெங்கடம்மாள் எழுதி வந்தது: எனக்கு 14, அம்மாவுக்கு 24. எத்தனை வருடத்தில் அம்மா வயது என் வயதைப்போல் இரண்டு மடங்காகும்?

பலகையில் போட்டேன். 24 + x = 2(14 + x). விடை, மைனஸ் நாலு.

"மைனஸ் வருதே, என்ன அர்த்தம்?"

"நாலு வருசத்துக்கு முன்னாலயே ஆயிடுச்சுங்க சார். அப்ப எனக்குப் பத்து, அம்மாவுக்கு இருபது."

அருமையான பதில். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப நீ பொறந்தப்ப உங்கம்மாவுக்கே வயசு பத்துதானா?"

நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சாவடியில ஓட்டர் லிஸ்ட் ஒட்டியிருந்தாங்க சார். அதப் பாத்துத்தான் எழுதினேன்."

அந்தப் பட்டியலில் வயதைக் குத்துமதிப்பாகப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். 'லிஸ்ட்டு தப்பும்மா' என்று சொன்னால் முடிந்தது. "வீட்ல கேட்டுட்டு வா" என்றேன்.

கேட்டிருக்கிறாள்.

3

மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் அவள் அம்மா சென்னம்மாள் வந்தாள். வகுப்பு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அவ எங்கக்கா பொண்ணுங்க சார். பெத்துப் போட்டுட்டு அக்கா கண்ண மூடிடுச்சு. மூணு வயசுல அவள எங்கையில குடுத்து, அவங்கப்பனுக்கே என்னையும் கட்டி வெச்சாங்க. எனக்கு அப்ப பதிமூணு. ஒண்ணும் தெரியாமத்தான் வளத்தேன். இப்ப வந்து கேக்கறா. அவங்கப்பன் எந்திரிச்சுப் போயிட்டாரு. நானும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

நான் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"மூணு நாளா என்னை ஒண்ணுஞ் சொல்லிக் கூப்பிடலீங்க. பசிச்சாத் தட்ட எடுத்துட்டு வந்து நிக்கறா. லிஸ்ட்டு தப்புன்னு வகுப்புல சொல்லிடுங்க சார். நீங்க சொன்னா நம்புவா."

"கணக்குல பொய் சொல்ல முடியாதும்மா" என்றேன்.

(அதை நேர்மை என்று அன்று நினைத்தேன். உண்மையில், சிரித்தது தப்பு என்று அந்த நாற்பது பேர் முன்னால் சொல்ல நேருமோ என்ற பயம்தான்.)

சென்னம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து வெங்கடம்மாள் பள்ளிக்கு வரவில்லை.

4

இதற்கு முந்தைய பிரதியில் நான் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன். படித்த நண்பர் சகாயநாதன், "கண்ணு கலங்கிடுச்சுய்யா. நெசமாவே போனியா?" என்றார்.

கிழித்துப் போட்டேன். அவர்கள் ஊர் வரைக்கும் சைக்கிளில் போனது நிஜம். ஊர் எல்லையில் இறங்கி, செயின் கழன்றதுபோல் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

5

போன மாதம் ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையில் இருவரையும் பார்த்தேன். பார்த்ததும் அடுக்கியிருந்த கூடைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். சென்னம்மாள் கூட்டத்தில் முன்னே போய்விட்டாள். பின்னால் வந்த வெங்கடம்மாள் அவளைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு சொல். எனக்குத் தெளிவாகக் கேட்டது. சென்னம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

'அம்மா'வா, 'சின்னம்மா'வா என்று கேட்பீர்கள். இரண்டையும் எழுதிப் பார்த்து, இரண்டையும் அடித்துவிட்டேன். நீங்கள் விரும்பியதைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டு விஷயத்தை ஒரு முறை ஊர் கேட்கும்படி பேசியவன் நான். இதையாவது சொல்லாமல் இருக்கிறேன்.