அகப்பை

விண்ணப்பத்தில் ஹால்வாரின் பெயரைப் பார்த்தபோது குட்ரூனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று வழக்கம்போலப் பென்சிலால் சரிபார்க்க ஆரம்பித்தாள். ஆஸ்லோவின் அந்த வரைபட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. தென்துருவத்து மலைகளுக்கு யார் என்ன பெயர் கேட்டாலும், இடம் சரிதான் என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் பெயர் சூட்டும் குழுவுக்குப் போகும். இன்றைக்கு வந்திருப்பது அவள் மகனின் பெயர். அங்கே ஒரு மலைத்தொடரின் அடிவாரத்தில் அவன் பனிப்பிளவில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் மரத்துத்தான் போயிருந்தது, பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி.

பெயர் கேட்டிருந்தவன் தோர்கெய்ர். அந்தப் பயணத்தில் மகனோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன், இப்போது கீழ்த்தளத்தில் பயணச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவன். கூடவே ஒரு புகைப்படமும் வைத்திருந்தான். பெயரில்லாத சிகரம், மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவனைப் போல நிமிர்ந்து நின்றது. நல்ல சிகரம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஹால்வார் விழுந்த இடமென்று ரேடியோவில் வந்த எண்களை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்தப் பகுதியின் வரைபடத் தாளை மட்டும் மூன்று வருடமாக விரித்ததில்லை. இன்று விரித்து, அளவுகோலை வைத்தாள். சிகரம் பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருந்தது. அவன் விழுந்த இடத்தை ஒட்டி நின்றது வேறொரு குட்டைப் பாறை. அதன் பெயர் அகப்பை.

அந்தப் பெயர் வைத்த குளிர்காலம் அவளுக்கு நினைவிருந்தது. விமானத்திலிருந்து எடுத்த படங்கள் மேஜை மேஜையாகக் குவிந்திருந்தன. வசந்தத்துக்குள் நானூறு பாறைகளுக்குப் பெயர் வைத்தாக வேண்டும். செத்துப்போன மாலுமிகளின் பெயரெல்லாம் தீர்ந்துவிட்டது. கடைசியில் அடுப்படிக்குள் புகுந்து வாணலி, உப்புக்கிண்ணம், மூடி என்று வாய்க்கு வந்ததை வைத்தார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த குட்ரூன் ஒரு வளைந்த பாறையைக் காட்டி ஏதோ சொல்ல, அறையே சிரித்தது.

பதினொன்றரைக்குத் தோர்கெய்ர் எண்ணெய்த்தாளில் மடித்த ரொட்டியோடு வந்து உட்கார்ந்தான்.

"இது அந்த மலை இல்லையே, தோர்கெய்ர்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா எழுதினே?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? பக்கத்துல இருக்கிறதுக்குத்தான் ஏற்கெனவே பேர் இருக்கே. வச்ச பேர மாத்த மாட்டாங்கன்னு நீங்களே சொல்வீங்க. அகப்பையாம், அகப்பை! எந்தப் புண்ணியவான் வச்சானோ, சோத்துக்குச் செத்த பய."

"நான்தான் வச்சேன்."

அவன் கடித்த ரொட்டியை மெல்லாமல் அவளைப் பார்த்தான்.

"அன்னிக்கெல்லாம் எந்நேரமும் பசி. ஹால்வார் வயித்துல ஏழு மாசம்."

அவன் ரொட்டியை விழுங்கிவிட்டு, "பேசாம கையெழுத்தப் போடுங்க. யாரு போயி அளக்கப்போறா?" என்றான்.

"நான் அளந்துட்டேனே."

அலுவலகத் தலைவர் அஸ்லாக் கதவருகே நின்று, "குழு ரெண்டு மணிக்குக் கூடுது, குட்ரூன். அருமையான சிகரம்பா, எல்லாருக்கும் பிடிச்சிருக்கு," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு கையெழுத்து போதும், வரைபடம் உள்ளவரை ஹால்வார் இருப்பான். முகம் தெரியாத யாரோ அவன் பெயரை வாய்விட்டுப் படிப்பார்கள். ஆனால் அவன் கால் படாத மலை அது. போகிறவர்களெல்லாம் அங்கே நின்று தொப்பியைக் கழற்றுவார்கள், இவன் பதினொரு கிலோமீட்டர் தள்ளித் தனியாகக் கிடப்பான்.

கையெழுத்துக்கான இடத்தில் 'இடம் தவறு' என்று எழுதித் தேதி போட்டாள். தோர்கெய்ர் மீதி ரொட்டியை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

பிறகு அவள் பெயர் அட்டைகள் இருக்கும் அலமாரிக்குப் போனாள். மூன்றாவது இழுப்பறையில் அகப்பை இருந்தது. அவளுடைய அந்தக் காலத்துக் குண்டுக் கையெழுத்து. பெயர்க் காரணம்: வடிவம். அதன் கீழே, குறிப்பு என்ற கட்டம் இத்தனை வருடமாகக் காலியாகவே கிடந்தது. நின்றபடியே பேனாவைத் திறந்து எழுதினாள்: 'இதன் தென்கிழக்கே, நானூறு மீட்டரில், ஹால்வார் இருக்கிறான்.'

மை காயும்வரை ஊதினாள். அட்டையை அதன் இடத்திலேயே செருகினாள். அந்த இழுப்பறை எப்போதும் பாதியில் சிக்கிக்கொள்ளும். முழங்காலால் ஒரு தள்ளு தள்ளி மூடினாள்.