சுருக்கு முடிச்சு

வெள்ளத்தில் செத்த நாற்பத்திரண்டு மாடுகளையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து முடித்த பிறகும், அவற்றைக் கட்டியிருந்த கயிறுகள் தளரவில்லை. முளையிலிருந்து கிளம்பி, மாட்டின் கழுத்து உயரத்தில், மேட்டுப் பக்கம் பார்த்து விறைப்பாக நின்றன. நுனியில் சுருக்கு மட்டும் ஒரு கழுத்தின் அளவுக்குத் திறந்திருந்தது. அரிவாள் போட்டுப் பார்த்தார்கள், அரிவாள்தான் மழுங்கியது. மரம் அறுக்கும் இயந்திரம் வந்து நாலு பல்லை இழந்து திரும்பியது. சேதம் பார்க்க வந்த குழு, படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லாததால் 'இதர' என்று எழுதிக்கொண்டு போனது. இரண்டாவது வாரம் பெண்கள் அவற்றில் துணி காயப்போட ஆரம்பித்தார்கள்.

அந்த வட்டாரத்துக் கால்நடை ஆய்வாளரை எல்லோரும் ஊசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அணையைத் திறந்தால் தண்ணீர் வர எவ்வளவு நேரம், எந்த மேட்டில் எத்தனை மாடு நிற்கும், தீவனத்தை எந்த உயரத்தில் அடுக்குவது என்று மழைக்கு இரண்டு மாதம் முன்பே வரைந்து வைத்திருந்த மனுஷன். மாட்டைக் கட்டும் முடிச்சைக்கூட யோசித்திருந்தார். தொங்கும் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிட வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டுச் செய்து காட்டினார். பால் கறக்கும் நேரத்தில் வைத்த கூட்டம் என்பதால் பதினொரு பேர் வந்தார்கள். மற்றவர்களுக்காக நோட்டீஸ் அடித்தார். 'நுனியைப் பிடித்து இழுத்தால் சுருக்காக அவிழ்ந்து வரும் முடிச்சாகப் போடவும்' என்றுதான் முதலில் எழுதினார். மேலதிகாரியின் படம் பாதித் தாளை எடுத்துக்கொண்டதால் வரி இடிக்கிறது, கொஞ்சம் குறைத்துத் தாருங்கள் என்றார் அச்சகத்துக்காரர். ஊசிக்காரர் ஸ்கூட்டரை அணைக்காமலே தாளை வாங்கி, 'சுருக்கு முடிச்சுப் போடவும், இழுத்தால் அவிழும்' என்று திருத்திக் கொடுத்தார். சுருக்கு என்றால் அவர் மனதில் வேகம். மாடு வைத்திருப்பவனுக்கு அது கழுத்தை இறுக்குவது.

பால் சங்கத்தில் பால் அளக்கும் பெண்ணுக்கு நல்ல கணீர்க் குரல். கேனோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நோட்டீஸை மூன்று நாள், இரண்டு வேளையும், அவள்தான் படித்துக் காட்டினாள். வரிசையில் நின்ற எருமைக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, சுருக்குப் போட்டா கழுத்து இறுகாதா?"

"படிச்சவங்க தெரியாமலா எழுதுவாங்க மாமா? அச்சுல வந்திருக்கு பாருங்க."

அச்சில் வந்திருப்பதைப் பார்த்த பிறகு எருமைக்காரர் கேனை முன்னால் நகர்த்தி வைத்தார். அன்று மாலை அவள் தன் இரண்டு பசுக்களையும் சுருக்குப் போட்டுத்தான் கட்டினாள்.

தண்ணீர் ஒரு நடுப்பகலில் வந்தது. அணைச் சங்கு ஊதியதும் எல்லோரும் கொட்டிலுக்கு ஓடி, சொன்னபடி நுனியைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க இறுகியது. கயிறு நனைந்ததும் விரல் நுழைய இடமில்லை. கைக்கு அரிவாள் கிடைத்த சிலர் அறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் இடுப்பளவுத் தண்ணீர் வரும்வரை, அடுத்த இழுப்பில் அவிழ்ந்துவிடும் என்று நம்பி இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கூட்டத்துக்குப் போன பதினொரு பேருடைய மாடுகளும் மேட்டில் நின்று அசைபோட்டன.

ஆக, செய்து காட்டியவர் சரியாகச் செய்து காட்டினார், படித்துக் காட்டியவள் தப்பாகப் படித்துவிட்டாள் என்று ஊர் முடிவுக்கு வந்தது. நோட்டீஸ்கள் வெள்ளத்தோடு போய்விட்டன. அவளிடம் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதைக் காட்டினாலும் யாரும் கண்ணை அந்தப் பக்கம் திருப்பவில்லை. எருமைக்காரர் அவளைக் கண்டால் குரலை அவளைப் போலவே இழுத்து, "படிச்சவங்க தெரியாமலா..." என்று பாதியில் நிறுத்துவார். மாமியார் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "என் மகனுக்குக் கையெழுத்தே வராது. வீட்டுல ஒருத்தியாவது படிச்சவளா இருக்கட்டும்னு தேடிக் கொண்டாந்தேன். நல்லா படிச்ச." சங்கத்தில் பால் அளக்க வேறொருத்தி வந்தாள்.

அவள் உறையோடு ஊசிக்காரரின் அலுவலகத்துக்குப் போனாள். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே அவர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார்.

"நான் சுருக்கான்னுதான்மா நெனச்சேன்."

"அதை ஒரு வரி எழுதிக் குடுங்க சார். சங்கத்துல ஒட்டிடறேன்."

"எழுதினா விசாரணை வரும்மா."

"எனக்கு வந்தாச்சு சார்."

பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அவள் நாலு வருஷம் பத்துப் பத்து நாளாகப் போனாள். அந்த நாலு வருஷத்தில் அவர் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து வைக்கோல் வந்தது. மேட்டில் கொட்டில்கள் எழுந்தன. தடுப்பூசி ஒரு வீடு விடாமல் போடப்பட்டது. மாடு இழந்த வீட்டுக்கெல்லாம் ஒரு கிடாரிக் கன்று, அவள் வீட்டுக்கும்தான். இத்தனையும் செய்யக் கை இருந்தது, அந்த ஒரு வரிக்கு மட்டும் இல்லை.

ஐந்தாம் வருஷம் ஒரு மத்தியானம், ஆள் இல்லாத கொட்டில் ஒன்றை அளக்கப் போனவர், நின்றுகொண்டிருந்த கயிற்றின் எதிரே உட்கார்ந்து, "தப்பு என்னோடது" என்றார். கயிறு தளர்ந்து தரையில் விழுந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அடுத்த கொட்டிலுக்குப் போனார். வீட்டுக்காரர்கள் வயலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு மாதத்தில் நாற்பது கயிறுகளிடமும் சொல்லி முடித்தார். வயலிலிருந்து வந்தவர்கள் துணியெல்லாம் மண்ணில் கிடப்பதைப் பார்த்துத் திட்டிக்கொண்டே திரும்பத் துவைத்தார்கள்.

மிச்சம் இரண்டு அவளுடையவை. வேலை போனதிலிருந்து பகலெல்லாம் அவள் கொட்டிலில்தான் இருந்தாள். நாற்பது விழுந்த விதத்தை அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஸ்கூட்டர் எந்த வீட்டு வாசலில் எப்போது நிற்கிறது என்று மட்டும் கவனித்திருந்தாள். அவர் வந்து நின்றார். கிடாரியைத் தடவினார்.

"கொஞ்சம் உள்ள போங்கம்மா."

"எதுக்கு?"

"கயிறு விழுந்துடும்."

"கயிறு விழறதுக்கா சார் நான் உக்காந்திருக்கேன்?"

அவர் வாயைத் திறந்தார். தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள்; மணிச்சத்தம் தேயும்வரை காத்திருந்தார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்துப் போனார். அப்படி ஏழு தடவை வந்தார், ஏழு தடவையும் தண்ணீர் குடித்தார். எட்டாவது தடவைக்கு முன்னால் அவர் ஓய்வுபெற்றார். பிரிவுபசாரத்தில் ஊரே மாலை போட்டது, எருமைக்காரர் அழுதார்.

இப்போது ஊருக்குச் சாட்சி தேவைப்படவில்லை. எல்லார் வீட்டுக் கயிறும் விழுந்து அவள் வீட்டுக் கயிறு மட்டும் விழாமல் நிற்பது போதுமானதாக இருந்தது. "யார் பண்ண பாவம்னு கயித்துக்குத் தெரியாதா?" என்று அவள் காதுபடச் சொன்னார்கள். மாமியார் செத்த அன்று எழவுக்கு வந்தவர்களும் முதலில் கொட்டிலைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

கிடாரி வளர்ந்தது. கயிறுகள் வழியை மறித்ததால் கொட்டிலுக்குள் நுழையும்போது தலையைத் தாழ்த்திப் பழகியது. அது போட்ட கன்று, கயிற்றின் உயரத்துக்கு வளர்வதற்கு முன்பே, பிறந்த மூன்றாம் நாளிலிருந்து தலையைத் தாழ்த்தியே நடந்தது. அதன் கன்றும் அப்படித்தான். சந்தைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைத் தனி இனம் என்று நினைத்து, சாதுவான மாடு, அடங்கி நிற்கும், என்று தேடி வாங்கிப் போகிறார்கள்.