அஞ்சாவது கம்பி

சத்தியதாஸுக்கு அன்னைக்கு மத்தியானம் பிடிச்சது சாதாரணப் பைத்தியம் இல்லை, கேட்டீங்களா. சாயங்காலம் தம்பானூர் லாட்ஜில் டிரயல். கல்ஃபில், மஸ்கட் ஓட்டல் பேண்டுக்கு ஆள் எடுக்க ஏஜென்ட் வந்திருக்கான். கோயில் திருவிழா கானமேளாவில் வாசிச்சு வாசிச்சுத் தேய்ஞ்ச மனுஷனுக்கு இதை விட்டா வேற கதி கிடையாது. அந்த நேரம் பார்த்து கிட்டார் காலை வாருது.

அது தோளில் மாட்டுற கிட்டார் இல்லை. பெடல் ஸ்டீல். தையல் மிஷினுக்கு உட்காருற மாதிரி முன்னால் உட்காரணும். பெடலை மிதிச்சா அடியில் இருக்கிற ராடு இழுத்து, கம்பி மேல் சுருதிக்கு ஏறும். காலை எடுத்தா பழையபடி இறங்கணும். ஒரு வாரமா அஞ்சாவது கம்பி முழுசா இறங்க மாட்டேங்குது, சனியன்.

புதுக் கம்பி மாட்டினான். ஸ்பிரிங்கை மாத்தினான். மழை ஈரமோ, பஸ்ஸில் குலுங்கினதோன்னு எல்லாத்தையும் திட்டினான். கடைசியில் தன் காதையே சந்தேகப்பட்டான், பாவம். பொண்டாட்டி பொன்செல்வி பக்கத்திலேயே நின்னு எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கொடுத்தா.

கடைசியா கிட்டாரைக் கவிழ்த்து டார்ச் அடிச்சான். ராடு முனையில் இருக்கிற நைலான் நட்டு அளவுக்கு மேல முறுகியிருந்தது. மிதிக்காமலே ராடு கம்பியை இழுத்துப் பிடிச்சிருக்கு. குலுங்கினா நட்டு லூஸாகும். தானா முறுகாது.

நட்டைத் திருப்புற சாவி பொன்செல்வி கையில்தான் இருக்கும். கல்யாணம் ஆன நாளில் இருந்து அப்படித்தான். அவன் மிதிச்சுக் கேட்பான், அவ ஓரத்தில் உட்கார்ந்து திருப்புவா. சத்தியதாஸ் டார்ச்சை அவ பக்கம் திருப்பினான்.

"செல்வி, நீயா?"

அவ மறைக்கலை. "நான்தான்."

"என்னத்துக்கு?"

"போன தடவை கல்ஃபுக்குப் போயி மூணு வருஷம் கழிச்சு வந்தீங்க. மவ உங்களை மாமான்னு கூப்பிட்டா. இன்னொரு மட்டம் எனக்கு ஏலாது."

"வாய் திறந்து சொல்லப்படாதா?"

"சொன்னேன். நீங்க எங்க கேட்டீங்க?"

அப்படியும் அவனுக்கு நெஞ்சு ஆறலை. "காது போச்சேன்னு நான் ராத்திரியெல்லாம் உறங்காமக் கிடந்தேன். பாத்துட்டு சும்மா இருந்தியே. வேற எவன் செஞ்சாலும் பொறுத்திருப்பேன்."

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தா. "மிதிங்க. நானே திருப்பித் தாரேன்."

சத்தியதாஸ் சாவியை அவ கையில் இருந்து வாங்கினான். கிட்டாரை நிமிர்த்தி, ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலால் பெடலை மிதிச்சுக்கிட்டே வலது கையை ஓரத்துக்கு நீட்டி நட்டைத் தளர்த்தினான். காலை எடுத்ததும் அஞ்சாவது கம்பி ஒழுங்கா இறங்கி நின்னுச்சு.

பொன்செல்வி அசையாமல் பார்த்தா. "இதை ஒத்தையாவே செய்யலாமா?"

"எப்பவும் செய்யலாம். நீ பக்கத்தில உக்காரணும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்."

சொல்லிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கிட்டான்.